உள்வாங்கியது

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது எங்கள் ஊர்ப் பெயர் பேப்பரில் வந்துவிடும்: 'பாம்பனில் கடல் உள்வாங்கியது.' கூடவே ஒரு படம் இருக்கும். நாட்டுப்படகுகள் சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கும், பாசியும் சிப்பியும் வெயிலில் காயும், இரண்டு பையன்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பதறிப்போய் போன் போடுவார்கள். இங்கே யாரும் அலட்டிக்கொள்வதில்லை. சாயங்காலம் தண்ணீர் வந்துவிடும், படகு நிமிர்ந்துவிடும்.

2023 ஏப்ரலில் மதுரையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் என் சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிட்டு, எனக்குப் புரியவேண்டுமே என்று தமிழிலும் சொன்னார்: "உள்வாங்கிய காம்பு." எனக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்ன நினைத்தாரோ. முப்பத்தாறு வருஷமாக என்னிடம் பெயரில்லாமல் இருந்த ஒரு விஷயத்துக்கு எங்கள் ஊர்ச் செய்தித் தலைப்பையே எடுத்து வைத்துவிட்டாரே என்று நினைத்தேன். ஒரே வித்தியாசம், இது சாயங்காலம் திரும்பி வருகிற ரகம் இல்லை.

மார்பகக் காம்பைப் பற்றித் தமிழில் எழுதுவதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் நான் தேடியபோது தமிழில் கிடைத்ததெல்லாம் தாய்ப்பால் அறிவுரையும், மாத்திரை விளம்பரமும்தான். ஆபரேஷன் எப்படிச் செய்வார்கள் என்றாவது நாலு வரி இருந்தது. அதற்கு அப்புறம் வாரக்கணக்கில் காம்பைக் கூடு கட்டி வெளியே நிறுத்தி வைக்கவேண்டும் என்று யாரும் எழுதியிருக்கவில்லை. எனக்கு ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம். கூடு எட்டு வாரத்துக்கு மேல். அந்த எட்டு வாரத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் பிறந்தது பாம்பன் சின்னப்பாலம். அம்மா பாசி எடுக்கப் போகிறவள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, காலில் தகடு, விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் கட்டக்கோரையும் எந்தப் பாறையில் எந்த மாதம் கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இப்படி உடம்பைக் கடலுக்குள் போட்டுச் சம்பாதிக்கிற பெண்கள், நனைந்த துணியோடு ஒரே வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், திரும்பி வருகிறவர்கள், உடம்பைப் பற்றி நிறையப் பேசுவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். இடுப்பு வலி பேசுவார்கள், பாறை கிழித்த காயம் பேசுவார்கள், தீட்டு நாளில் தண்ணீரில் இறங்குகிற கஷ்டம்கூடப் பேசுவார்கள். இதை மட்டும் பேசமாட்டார்கள். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் அம்மா ஒருதடவை தலைக்கு ஊற்றிவிடும்போது பார்த்துவிட்டு, "எங்க அக்காளுக்கும் இப்படித்தான்" என்றாள். அவ்வளவுதான். பெரியம்மா பெற்ற இரண்டு பிள்ளைகளும் ஆட்டுப்பாலில் வளர்ந்த கதை எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும்.

இது அப்படியொன்றும் அபூர்வமும் இல்லை. கொரியாவில் இளம்பெண்களிடம் எடுத்து 1999-ல் வெளியான ஒரு கணக்கில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு இருந்தது. நம் வல்லத்தில் ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கோ.

காரணமும் சிக்கலானதில்லை. கருவில் முதலில் அந்த இடம் ஒரு சின்னக் குழியாகத்தான் இருக்கும். பிறக்கும் சமயத்தில் அடியில் சதை திரண்டு குழியை மேலே தள்ளிக் காம்பாக்கும். அந்தச் சதை போதாமல் போனாலோ, பால் வருகிற குழாய்கள் குட்டையாக இருந்தாலோ, நடுவில் நார் நாராக இறுகிக்கிடந்தாலோ, குழி குழியாகவே நின்றுவிடும். இதைத் தரம் பிரிப்பதும் கொரிய டாக்டர்கள் இருவர் 1999-ல் சொன்ன வழிதான். விரலால் எடுத்தால் வெளியே வந்து நின்றால் முதல் வகை. வந்துவிட்டுத் திரும்ப உள்ளே போனால் இரண்டாவது. வரவே மாட்டேன் என்றால் மூன்றாவது. எனக்கு இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் மூன்று.

மூத்தவள் 2014-ல் பிறந்தபோது இதெல்லாம் தெரியாது. குழந்தை வாயை வைக்கும், வழுக்கும், அழும். எனக்குப் பால் கட்டிக் கல்லாகிவிட்டது. மாமியார் டப்பாப் பால் வாங்கிவரச் சொல்லிவிட்டார். அப்போதுதான் பிரசவ வார்டு நர்ஸ் ஒருவர், கண்டிப்பான ஆள், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, 10 மில்லி சிரிஞ்சு ஒன்றைப் பிரித்தார். ஊசி மாட்டுகிற முனையை பிளேடால் வெட்டி எறிந்தார். உள்ளே இருக்கிற தண்டை உருவி, வெட்டிய பக்கத்து வழியாகத் திருப்பிச் செருகினார். பிடிப்பதற்காகச் சிறகு மாதிரி விரிந்திருக்குமே, அந்த வழவழப்பான பக்கத்தைக் காம்பின் மேல் வைத்து, "மெதுவா இழும்மா. வலிச்சா விட்ரணும்" என்றார். அரை நிமிஷம், ஒரு நிமிஷம். பால் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும். இடது பக்கம் மூன்றாம் நாளே குழந்தை பிடித்துக்கொண்டது. அந்த நர்ஸ் இன்னொன்றும் சொன்னார். குழந்தை காம்பை மட்டும் பிடித்துக் குடிப்பதில்லை, சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையப் பிடிக்கவேண்டும், அதனால் காம்பு உள்ளே இருப்பவர்களில் நிறையப் பேர் நன்றாகவே பால் கொடுக்கிறார்கள் என்று. வலது பக்கம் கடைசிவரை மசியவில்லை. கையால் பீய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்துப் பாலாடையில் புகட்டினேன்.

அந்தச் சிரிஞ்சு வேலை அவருடைய சொந்தக் கைத்திறமை என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். கர்நாடகத்து தாவணகெரேயில் ஒரு மருத்துவக் கல்லூரியின் குழந்தை மருத்துவர்கள் செய்து பார்த்து 1993-ல் எழுதி வெளியிட்ட முறை அது. பெரிய கருவி வாங்க வக்கில்லாத ஊர்களுக்கென்றே யோசித்தது மாதிரி இருக்கிறது. அதே சமயத்தில் வெளிநாடுகளில் கர்ப்பிணிகளுக்குப் பிளாஸ்டிக் கூடு மாட்டச் சொல்வதும், விரலால் இழுத்துப் பயிற்சி செய்யச் சொல்வதும் வழக்கமாக இருந்திருக்கிறது. பிரிட்டனிலும் கனடாவிலும் சேர்ந்து நடத்திய ஒரு பெரிய ஆய்வு, அதனால் பால் கொடுப்பதில் பலன் ஒன்றும் காணோம் என்று 1994-ல் சொல்லிவிட்டது. மாசமாக இருக்கும்போதே எண்ணெய் தேய்த்து இழு இழு என்று வீட்டுப் பெரியவர்கள் உயிரை எடுத்தால் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்கமாட்டார்கள், ஆனாலும் சொல்லிப் பாருங்கள்.

சின்னவன் 2018-ல் சிசேரியன். இரண்டு வயது வரை இடது பக்கம் மட்டும் குடித்தான். நிறுத்திய பிறகு வலது பக்கத்துக் குழியில் தொல்லை ஆரம்பித்தது. எங்கள் ஊர் வேர்வை உங்களுக்குத் தெரியாது. உப்பும் ஈரமும் சேர்ந்து குழிக்குள் வெள்ளையாகப் படியும், நாறும், அரிக்கும். இரண்டு தடவை சீழ் பிடித்தது. ஒருதடவை கீறி எடுத்தார்கள். அப்புறம்தான் மதுரை.

டாக்டர் முதலில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கெட்டது எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஆபரேஷன் பேச்சு. ஸ்கேன் அறையில் ஒரு பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, "அழகுக்காகவா பண்றீங்க?" என்று கேட்டார். சீழைக் காரணமாகச் சொன்னேன். திரும்பி வருகிற வழியெல்லாம் அது பாதிப் பொய்தானே என்று இருந்தது. இடது பக்கத்தில் சீழே இல்லை. இடது பக்கத்தையும் சேர்த்துச் செய்துவிடுங்கள் என்று கேட்டது நான்தான். ஏன் என்றால், ஆசைதான். சீட்டுப் பணம் என்னுடையது, ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிச் சேர்த்தது.

நாள் குறித்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. என் வீட்டுக்காரர் விசைப்படகு டிரைவர், வீட்டில் இருப்பார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். கம்பெனியில் ஐஸ் வாங்க ஆளிருக்காது, லீவு கிடைக்கும். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அக்கினி நட்சத்திரம் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது என்பதை மறந்துவிட்டேன்.

ஆபரேஷனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரத்துப்போக ஊசி மட்டும்தான், மயக்கம் இல்லை. காம்பின் அடியில் சின்னதாகக் கீறி, உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிற நார்களை அறுத்து விடுகிறார்கள். அப்புறம் காம்பின் கழுத்தைச் சுற்றிச் சுருக்குப்பை வாயை இழுத்துக் கட்டுவது போல ஒரு தையல். பால் குழாய்களைக் காப்பாற்றியும் செய்யலாம், வெட்டியும் செய்யலாம். மூன்றாம் வகைக்குப் பல சமயம் வெட்டாமல் முடியாது. வெட்டினால் அந்தப் பக்கம் பால் கொடுக்க முடியாது, உணர்ச்சியும் குறையலாம். எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டதால் வலது பக்கம் வெட்டச் சம்மதித்தேன், இடது பக்கம் வேண்டாம் என்றேன். இன்னும் பிள்ளை பெறப் போகிறவர்கள் இந்த ஒரு கேள்வியை டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். இந்தக் கோளாறுக்கு முதலில் கத்தி வைத்தவர் என்று கேரர் என்ற ஜெர்மன் டாக்டர் பெயரைச் சொல்கிறார்கள். 1881-ல் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறிக் குழந்தையை எடுத்துக் காட்டியவரும் அவர்தான். அவர் காட்டிய இரண்டு வழியிலும் என் மேல் கத்தி பட்டிருக்கிறது.

தையல் முடிந்தது, எழுந்து போகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "இனிமேதான் முக்கியமான வேலை" என்றார் டாக்டர். நர்ஸ் ஒரு தட்டை நீட்டினார். அதில் ஒரு 10 மில்லி சிரிஞ்சு.

சிரிஞ்சின் குழலைக் குட்டையாக வெட்டினார். சிறகு விரிந்த பக்கம் தோலின் மேல் உட்கார, அடியில் வாசலின் தடவிய காஜ் வளையம். காம்பின் வழியாக ஒரு நைலான் நூலைக் கோத்து, குழலுக்குள் மேலே கொண்டுவந்து, வாயில் குறுக்காக வைத்த ஒரு சின்னக் கட்டையில் முடிச்சுப் போட்டார். காம்பு குழலுக்குள் நிமிர்ந்து நிற்கிறது, நூல் மேலே பிடித்திருக்கிறது, அடியில் சிறகு தோலை அழுத்தாமல் தாங்கியிருக்கிறது. கிணற்று ராட்டினத்தில் வாளியைப் பாதியில் நிறுத்திக் கயிற்றைக் கட்டிவைத்தது மாதிரி. இரண்டு பக்கமும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் பிள்ளைக்காக இழுத்த அதே சாமான், இப்போது பிடித்து வைத்திருக்கிறது. டாக்டரிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு, உங்களுக்கு ஏற்கனவே பழக்கம்" என்றார்.

டாக்டர்கள் இதை ஸ்பிளிண்ட் என்கிறார்கள், சிலர் ஸ்டென்ட் என்கிறார்கள். சிரிஞ்சுதான் என்றில்லை. மருந்து ஊற்றும் பிளாஸ்டிக் கப், ஸ்பாஞ்சு வளையம், கம்பியில் செய்த சட்டம், என்னென்னவோ உண்டாம். எத்தனை நாள் என்பதிலும் ஆளுக்கொரு வழக்கம். சிலர் ஒரு வாரத்தில் எடுத்துவிடுகிறார்கள், சிலர் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். எனக்குச் சொன்னது நூலோடு இரண்டு வாரம், அதற்கு அப்புறம் நூல் இல்லாமல் வளையம் மட்டும் ஆறு வாரம்.

ஏன் இவ்வளவு என்று கேட்டேன். எங்கே காயம் ஆறினாலும் தழும்பு சுருங்கும். அது தழும்பின் குணம். அறுத்துவிட்ட நார் இருந்த இடத்தில் புதுத் தழும்பு வரும், அதுவும் சுருங்கி, காம்பைத் திரும்ப உள்ளே இழுக்கப் பார்க்கும். மூன்று வாரம் ஆன காயத்துக்கு நல்ல தோலின் வலுவில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். முழு வலு என்பது வரவே வராது, எவ்வளவு நாள் ஆனாலும் எண்பது சதவீதம்தான். தழும்பு தன்னைத் திருத்திக்கொண்டு அடங்க ஒரு வருஷம்கூட ஆகலாம். ஆகவே அது இளசாக இருக்கும்போது எந்த நிலையில் பிடித்து வைக்கிறோமோ, அந்த நிலையில்தான் முதிரும். அறுப்பதோடு முடிந்திருந்தால் இந்த ஆபரேஷனில் திரும்ப உள்ளே போகிற கதையே இருந்திருக்காது. இதில் பெரிய தலைவலியே அதுதான் என்று டாக்டரே சொன்னார்.

பயப்படவேண்டியது எதற்கு என்றும் சொல்லி அனுப்பினார். நூல் ரொம்ப இழுத்தால் ரத்தம் ஓடாது. காம்பின் நுனி வெளுத்தாலோ, நீலமாகிக் கறுத்தாலோ, அப்புறம் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது, உடனே போன், நூலைத் தளர்த்தவேண்டும். காய்ச்சல், சீழ், வலி கூடிக்கொண்டே போவது, இதற்கும் அப்படித்தான். தினமும் மூன்று வேளை குழல் வழியாக டார்ச் அடித்து நிறம் பார்ப்பது வீட்டுக்காரர் வேலை. கூச்சப்பட்டது இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் இன்ஜின் ஆயில் பார்க்கிற முகத்தோடு, "வலது ஓகே, இடது ஓகே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குத் திரும்பியது ரயிலில். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டதால், அப்போது ராமேஸ்வரம் போகிற கூட்டமெல்லாம் மண்டபத்தில்தான் இறங்கவேண்டியிருந்தது. காசி யாத்திரைக்காரர்களுக்கு நடுவில், மார்பில் இரண்டு சிரிஞ்சுக் குழலோடு, சேலைத் தலைப்பை நாலு மடிப்பாகப் போர்த்தி, யாரும் இடித்துவிடக்கூடாதே என்று கையை மடக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த அம்மா, "கை ஒடிஞ்சு போச்சாத்தா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா வந்து பார்த்தாள். நூலைத் தொடாமல் குனிந்து பார்த்துவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை: "ஏத்தா, இது தங்கூசில்ல?" தங்கூசி என்பது வலை பின்னுகிற நைலான் நரம்பு. தப்பில்லை, அதே சாதிதான். "அம்புட்டு மீனப் புடிக்குது, இதப் புடிக்காதா" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அந்த ஒரு வாக்கியம் எனக்கு டாக்டர் சொன்னதைவிடத் தெம்பாக இருந்தது. அவள்தான் கூடு என்று பேர் வைத்தாள். சின்னவன் அதை 'அம்மாவோட மூடி' என்றான்.

அந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது? மல்லாந்துதான் படுக்கவேண்டும். கச்சான் காற்று வீசுகிற காலம், வாசலில் பாயைப் போட்டுப் படுத்தால் காற்று வரும், கூடவே மணலும் வரும், மணல் காஜுக்குள் போகும். உள்ளே படுத்தால் வேர்வை. வேர்வையில் பிளாஸ்டர் உரியும், உரிந்தால் குழல் ஆடும், ஆடினால் நூல் சுண்டும். குளியல் கழுத்துக்குக் கீழே ஈரத்துண்டு மட்டும். சுருக்கென்று இழுக்கிற வலி முதல் நாலு நாள், அப்புறம் வலியைவிட அரிப்புதான் கொன்றது. பிராவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வீட்டுக்காரரின் தொளதொளச் சட்டைதான். கண்ணாடியில் பார்த்தால் பாசிக்குப் போகிற அம்மா மாதிரியே இருந்தேன்.

பதினான்காம் நாள் மதுரையில் நூலை எடுத்தார்கள். இரண்டும் நின்றது. என் உடம்பில் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. அழுதேன் என்று எழுதினால் நாடகமாக இருக்கும், ஆனால் கண் கலங்கியது நிஜம்.

அடுத்தது வளையம். காம்பைச் சுற்றி வடை மாதிரி நடுவில் ஓட்டை உள்ள ஸ்பாஞ்சு வைத்து, அதற்கு மேல் தளர்வான பிரா. துணி காம்பை அமுக்கக்கூடாது, அதுதான் நோக்கம். மதுரையில் கொடுத்த ஸ்பாஞ்சு எங்கள் ஊர் வேர்வையைக் குடித்து மூன்றே நாளில் அப்பளமாகிவிட்டது. தடைக்காலத்தில் ஆம்பளைகளுக்கு வலை பொத்துவதுதான் வேலை. வீட்டுக்காரர் திண்ணையில் வலையைப் போட்டு உட்கார்ந்திருந்தவர், தட்டையாகிப்போன ஸ்பாஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வலையில் கோக்கிற புது மிதவை ஒன்றை எடுத்தார். அதற்கு நடுவில் ஏற்கனவே ஓட்டை உண்டு. தண்ணீர் குடிக்காது, அமுங்காது. வாழைக்காய் நறுக்குகிற மாதிரி இரண்டு வில்லை நறுக்கி, ஓட்டையைப் பெரிதாக்கி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார். படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். பதிலுக்குச் சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது. அப்புறம் போன் பண்ணி, காயத்தில் நேராகப் படக்கூடாது, நடுவில் சுத்தமான காஜ் வேண்டும், தினமும் சோப்பில் கழுவிக் காயவைக்கவேண்டும், தோல் சிவந்தால் எடுத்துவிடவேண்டும் என்றார். எனக்கு ஒத்துக்கொண்டது. உங்களுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஐந்தாவது வாரம் சின்னம்மா மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீர், பந்தல், தட்டு வரிசை. வளையம் போட்டால் ஜாக்கெட் புடைத்துக்கொண்டு தெரிகிறது. ஒரு நாள்தானே என்று இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, இறுக்கமான பட்டு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். தட்டைத் தூக்கினேன், சாம்பார் வாளியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன், சின்னவன் தோளில் தூங்கினான். ராத்திரி பதினோரு மணிக்கு ஜாக்கெட்டை அவிழ்த்தபோது வலது பக்கம் சிவந்து தடித்திருந்தது, நின்றது. இடது பக்கம் பாதி உள்ளே.

யாரையும் குறை சொல்ல வழியில்லை. டாக்டரும் திட்டவில்லை. ஒரே நாளில் நடந்ததாக நினைக்கவேண்டாம், குழாயைக் காப்பாற்றிச் செய்த பக்கத்தில் இழுவை மிச்சம் இருக்கத்தான் செய்யும், அந்த நாள் அதற்குச் சாதகமாகிவிட்டது என்றார். இடது பக்கத்துக்கு மட்டும் வளையம் இன்னும் ஒரு மாதம் கூடியது. தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போனது, நான் ஐஸ் கம்பெனிக்கு ஒற்றை மிதவையோடு போனேன்.

இப்போது நிலவரம் இது. வலது பக்கம், மோசமான பக்கம், நன்றாக நிற்கிறது. ஆனால் உணர்ச்சி பாதிதான் திரும்பியிருக்கிறது. இடது பக்கம் தட்டையாக இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் எழும், அப்புறம் அடங்கும். திரும்பவும் ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். சீழ் தொல்லை அதற்கப்புறம் வரவில்லை.

இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நான் கூட்டோடு வீட்டில் இருந்த காலத்தில் பாசிக்குப் போகிற ஒரு மதனி பார்க்க வந்தார், ஐம்பது வயதுக்கு மேல். எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, தனக்கும் ஒரு பக்கம் காம்பு உள்ளே போயிருக்கிறது, இந்த ஆறு மாதமாகத்தான் என்றார். எனக்கு ஸ்கேன் எடுத்தபோது டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. பிறந்ததிலிருந்து இருப்பது வேறு, நன்றாக இருந்தது நடுவயதில் ஒரு பக்கம் மட்டும் உள்ளே இழுப்பது வேறு. உள்ளே புண்ணாகியும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம், பார்க்காமல் தெரியாது. அவருக்குச் சிரிஞ்சும் வேண்டாம், கூடும் வேண்டாம், முதலில் மேமோகிராம். அடுத்த வாரமே போக வைத்தோம். புற்றுதான். எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், இப்போது கரையில் உட்கார்ந்து பாசி காயவைக்கிறார். கடலுக்குள் இறங்கவேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டானாம். அந்தக் கோபம்தான் அவருக்குப் பெரிதாக இருக்கிறது.

போன மாதம் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். கூடப் பாசி எடுக்கிறவளின் மகள், பிள்ளை பெற்று ஆறு நாள். வல்லத்தில் என் கதை முழுவதும் ஓடியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது, மிதவை வரைக்கும். "வெக்கப்படாத, காட்டு" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு அம்மாவே கதவைச் சாத்தினாள். பார்த்தேன். விரலால் எடுத்தால் வருகிறது, விட்டால் போகிறது. குழந்தை அழுது அழுது தூங்கிப்போயிருந்தது. குழந்தையின் எடையைப் பார்க்க நாளைக்குக் கட்டாயம் நர்ஸிடம் போகவேண்டும் என்று முதலில் சொன்னேன். அப்புறம் சின்னவனை மருந்துக்கடைக்கு அனுப்பி 10 மில்லி சிரிஞ்சு வாங்கிவரச் சொன்னேன். முனையை வெட்டினேன், தண்டைத் திருப்பிச் செருகினேன். அவள் அதை வாங்கி வெட்டிய பக்கத்தை மார்பருகே கொண்டுபோனாள்.

"அந்தப் பக்கம் இல்லத்தா, அது கீறிரும்" என்று திருப்பிப் பிடித்துக் காட்டினேன். "இந்தா, இந்தச் சிறகு இருக்குல்ல, இந்தப் பக்கம். மெதுவா."